செல்லியேரியை யார் கைவிட்டது?

ஓய்வு பெற்றோர் சங்கக் கூட்டத்தில் வைத்தியலிங்கம் பொய் சொன்னார். "எங்க காலத்துல ரிமார்க்ஸ் கட்டத்துல ஒரு வார்த்தை எழுதினா, அதுக்கு நாங்க பொறுப்பு" என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசினார். இன்றைக்கு வேலையில் இருக்கும் பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. அவர் எழுதச் சொன்ன ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையால் ஓர் ஊர் தன் ஏரியை இழந்தது. எழுதியது என் கை. அதனால் எனக்குத் தெரியும்.

1. ரிமார்க்ஸ் கட்டம்

நாற்பதுகளில், உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம், தாலுகா ஆபீசில் நகல் எழுதும் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். வைத்தியலிங்கம் அப்போது ரெவின்யூ இன்ஸ்பெக்டர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஏரி ரிஜிஸ்தரில் கடைசியாக உள்ள கட்டம் ரிமார்க்ஸ், அதாவது குறிப்பு. அதை இங்கிலீஷில்தான் நிரப்ப வேண்டும். யாரும் ஏரியைப் போய்ப் பார்த்து நிரப்பியதில்லை. போன வருஷத்து ரிஜிஸ்தரை விரித்து வைத்துக்கொண்டு அப்படியே இறக்குவோம்.

செந்துறைப் பக்கம் செல்லியங்குடிக்காடு என்று ஒரு சிற்றூர். அதன் ஏரியான செல்லியேரிக்கு மூன்று வருஷமாக 'பிரீச்டு' என்றே எழுதி வந்தோம். கரை உடைந்தது என்று பொருள். மேலிடத்திலிருந்து எந்த உத்தரவும் வரவில்லை. நான்காம் வருஷம் வைத்தியலிங்கம் தன் சட்டைப்பை நோட்டை எடுத்தார். துரைமார்களின் குறிப்புகளில் கண்ட கனமான வார்த்தைகளை அதில் சேர்த்து வைத்திருந்தார்.

"இந்த வருஷம் 'அபேண்டன்டு'ன்னு போடு."

"அப்படின்னா என்ன சார்?"

"பிரீச்டுக்கு மேல. ரொம்ப உடைஞ்சு போச்சுன்னு வச்சுக்கயேன். மேல இருக்கிறவன் பாத்தா உடனே வேலைக்கு ஆர்டர் போடுவான்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அன்றைக்கு இல்லை. எங்களுக்கு வார்த்தைகள் எடைக்கற்கள் மாதிரி. கனமானதைத் தூக்கி வைத்தால் தட்டு இறங்கும் என்று நம்பினோம். நான் நல்ல கையெழுத்தில் எழுதினேன்.

2. நோட்டீஸ்

ஆர்டர் வந்தது. மராமத்துக்கு அல்ல. சண்டைக் காலமாதலால் சும்மா கிடக்கும் நிலத்தையெல்லாம் பயிருக்குக் கொடு என்று மேலிடத்தில் அவசரம். ஏரியின் உள்வாயை, அதாவது தண்ணீர் நிற்கும் தரையை, உழுதுகொள்ள ஒரு மிராசுதார் மனுப் போட்டிருந்தார். ஆட்சேபணை உண்டா என்று ஊரில் தமிழ் நோட்டீஸ் ஒட்டினார்கள். அதைக் கிழித்து மடியில் கட்டிக்கொண்டு காத்தமுத்து என்ற குடியானவர் ஆபீசுக்கு வந்தார்.

"ஏங்க, இதப் படிங்க."

'கைவிடப்பட்ட ஏரியின் உள்வாய்' என்று படித்தேன்.

"எவன் கைவுட்டான்? பேரச் சொல்லுங்க. எங்கூருல அப்புடி ஒருத்தன் இருந்தா நானே இழுத்தாறேன்."

"ஆபீஸ் ரிப்போர்ட்ல அப்படி வந்திருக்கு."

"ரிப்போட்டு ஏரியப் பாத்துச்சா? நீங்க பாத்தீங்களா? எந்தப் பக்கம் மதகுன்னு சொல்லுங்க பாப்போம்."

எனக்குத் தெரியவில்லை. ஃபைலை எடுத்துப் பார்த்தேன். 'அபேண்டன்டு' என்று என் கையெழுத்து.

3. குடை

நோட்டீஸில் போட்டதுதான் அந்த வார்த்தைக்கு உண்மையான பொருளா, உடைந்ததற்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று அறியாமல் சோறு இறங்கவில்லை. ஆபீஸ் டிக்‌ஷனரி தாசில்தார் பீரோவில் பூட்டிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அரியலூர் போனேன். ஸ்டேஷனில் எனக்குத் தெரிந்த கூட்ஸ் கிளார்க் ஒருவர். நாள் முழுக்க இங்கிலீஷ் ஃபாரங்களோடு மல்லுக்கட்டுகிறவர். அவர் சிரித்தார்.

"எழுதிப்புட்டு அர்த்தம் தேடி வரீங்களா? நல்ல ஆபீசுங்க! கேளுங்க. ஒருத்தன் பிளாட்பாரத்துல குடைய மறந்துட்டுப் போறான். அது 'லாஸ்ட்'. நாளைக்கு ஓடி வருவான். இன்னொருத்தன் இனிமே இது வேணாம்னு பெஞ்சு மேலயே வச்சுட்டு, திரும்பிப் பாக்காமப் போறான். அதுதான் நீங்க எழுதுன வார்த்தை."

"குடை கிழிஞ்சிருந்தா?"

"கிழிஞ்சா என்ன? கிழிஞ்ச குடைய அக்குள்ல இடுக்கிட்டுப் போறவன் ஆயிரம் பேரு. அவன் வுடலியே."

இன்றுவரை எந்த டிக்‌ஷனரியும் எனக்கு அதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை. உடைவது பொருளுக்கு நேர்வது. கைவிடுவது ஓர் ஆள் செய்வது. நான் எழுதியதற்குள் ஓர் ஆள் இருந்தான். அவன் யார் என்று பார்க்க அங்கிருந்தே செல்லியங்குடிக்காடு போனேன்.

கரையில் முப்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். உடைப்பில் பனந்துண்டுகளை நட்டு, முள்ளும் வைக்கோலும் திணித்து, களிமண்ணை மிதித்துக்கொண்டிருந்தார்கள். இடுப்பளவு தண்ணீர் நின்றது. மதகுச் சட்டத்துக்குப் பதில் யாரோ தன் வீட்டுக் கதவுப் பலகையைக் கொண்டுவந்து செருகியிருந்தார்கள்.

காத்தமுத்து சேற்றோடு நிமிர்ந்தார். "வாங்க! கைவுட்ட ஏரியப் பாக்க வந்தீங்களா? நல்லாப் பாருங்க. அந்தப் பலவ எங்கூட்டுக் கதவுதான். எங்கூட்டுக்காரி நாலு வருஷமா படல வச்சு வாசல மூடிட்டு என்னய வஞ்சுகிட்டுக் கெடக்கா."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மதகு கிழக்குப் பக்கம். இன்று கேட்டாலும் சொல்வேன்.

4. ஜமாபந்தி

மறுநாள் வைத்தியலிங்கத்திடம் குடைக் கதையைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. அந்த நிமிஷத்தில் அவருக்கும் பொருள் தெரிந்துவிட்டது. இதைக் கவனிக்க வேண்டும்.

"திருத்தி ஒரு ரிப்போர்ட் போட்டுடலாம் சார்."

"ஏரியப் பாக்காமலே எழுதினேன்னு நானே எழுதித் தரணுமா? இந்த வருஷம் எனக்கு ப்ரமோஷன் லிஸ்ட். வாய மூடிக்கிட்டு இரு. உனக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகலை, ஞாபகம் இருக்கட்டும்."

வருஷக் கணக்கைச் சரிபார்க்கும் ஜமாபந்தி அன்று பந்தலில் டெபுடி கலெக்டர் ஃபைலைப் புரட்டி நிறுத்தினார். நல்ல அதிகாரி. சரியான கேள்வியை இங்கிலீஷில் கேட்டார்: "யார் கைவிட்டது?"

வைத்தியலிங்கம் இங்கிலீஷிலேயே சொன்னார்: "குடிகள்தான் சார். அவர்களுக்கு அக்கறை இல்லை."

பந்தலுக்கு வெளியே ஊரே நின்றது. அங்கே ஒருவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. காத்தமுத்து என் தோளைத் தொட்டார்.

"என்னங்க சொல்றாரு?"

அந்த வார்த்தையை நான் அரியலூர் வரை போய்க் கற்றிருந்தேன். அதைத் தமிழில் சொல்லியிருந்தால் முப்பது பேர் ஒரே குரலில் கத்தியிருப்பார்கள்.

"விசாரிக்கிறாங்க" என்றேன்.

அதற்குள் ஃபைலில் டெபுடி கலெக்டரின் கையெழுத்து விழுந்துவிட்டது. அடுத்த பருவத்தில் மிராசுதார் ஆட்கள் கரையை வெட்டித் தண்ணீரை வடித்து, உள்வாயை உழுதார்கள். காத்தமுத்து கதவுப் பலகையைப் பிடுங்கிக்கொண்டு போய் வாசலில் மாட்டினார் என்று கேள்விப்பட்டேன். பார்க்கப் போக எனக்கு முகம் இல்லை.

இப்போது வேலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். ரிமார்க்ஸ் கட்டத்தில் ஒரு வார்த்தை எழுதுமுன், அதைச் செய்த ஆள் யார் என்று கேளுங்கள். பெயர் சொல்ல முடியாவிட்டால் பேனாவை மூடுங்கள்.

வைத்தியலிங்கம் சார், அடுத்த கூட்டத்துக்குக் காத்தமுத்துவின் மகனை அழைத்து வருகிறேன். என் கை எழுதியதையும், என் வாய் மூடியதையும் முதலில் நான் எழுந்து சொல்கிறேன். பிறகு அதே மைக்கைப் பிடித்து நீங்கள் பதில் சொல்லுங்கள். செல்லியேரியை யார் கைவிட்டது? தமிழில் சொல்லுங்கள்.