லாரிக் கண்ணாடியும் செம்பருத்தி இலையும்

ஜப்பான்காரன் எங்கள் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில் ஜெலுத்தோங்கில் வண்டிப் பட்டறை வைத்திருந்தேன். ராணுவ லாரி ஒன்றுக்கு மாலைக்குள் முன்கண்ணாடி மாற்றாவிட்டால் அடி விழும். இருந்ததோ ஒரே கண்ணாடி. தடவச் சவர்க்கார நுரை இல்லாததால், கண்ணாடியைச் சுற்றி மாட்டிய ரப்பர் பட்டை லாரிச் சட்டத்துக்குள் வழுக்கவேயில்லை.

பக்கத்து வீட்டு அக்கா, தலையில் எண்ணெயும் கிண்ணத்தில் தலைக்குத் தேய்த்துக் குளிக்க அரைத்த செம்பருத்தி இலையுமாக எட்டிப் பார்த்தார்.

"இதத் தடவிப் பாரு தம்பி, வழவழன்னு இருக்கும்."

"இது லாரி அக்கா, தலைமுடி இல்ல. போங்க லா!" என்று எரிந்து விழுந்தேன்.

"உடைஞ்சா வேற கண்ணாடிக்கு எங்க போவ?"

தடவினேன். பட்டையின் விளிம்பு சட்டத்தின் மேல் ஏறும்படி, அதற்குள் சுற்றியிருந்த கயிற்றை நான் உள்ளிருந்து இழுக்க, அவர் வெளியிலிருந்து அழுத்தினார். கண்ணாடி அலுங்காமல் உட்கார்ந்தது. சிரித்தபடி நிமிர்ந்தேன். காலிக் கிண்ணத்தோடு, தலையில் எண்ணெய் அப்படியே இருக்க, அவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

மறுநாளே பட்டறை வாசலில் ஒரு செம்பருத்திக் கிளையை ஊன்றினேன். அது தழைத்ததும் முதல் கைப்பிடி இலை அக்காவுக்குத்தான் போனது. வாயால் மன்னிப்புக் கேட்க எனக்கு என்றைக்குமே வந்ததில்லை.