கொசு பிடிக்கும் ஜன்னல்

"இது நம்ம வெயிலுக்குத் தாங்குமாம்மா?" செடிக்கடையில் எந்தச் செடியைக் காட்டினாலும் இதைத்தான் கேட்கிறார். பதிலை நம்பாமல் தொட்டியைத் தூக்கி அடியை முகர்ந்தும் பார்க்கிறார். எங்கள் கீழ்வீட்டு ஏசி மெக்கானிக். குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் 'கூலிங்'. ஊரையே குளிர வைக்கிற மனிதருக்கு எப்போதும் வேர்த்துக் கொட்டும்.

போன வருஷம் அவர் மனைவி டெங்குவில் கிடந்து பிழைத்ததே பெரும்பாடாகிவிட்டது. "இன்னொரு தடவை வந்தா ஆபத்து" என்று சொல்லித்தான் டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார். அன்றிலிருந்து கூலிங்குக்குக் கொசு சிம்மசொப்பனம். காதருகே ஒன்று ரீங்கரித்தால் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுச் சுவரெல்லாம் கண்ணால் துழாவுவார். கொசுவத்திப் புகை மனைவிக்கு ஆகாது. ஆகவேதான் பூச்சி தின்னும் செடி தேடி வந்தார். துணைக்கு நான்.

பல் வைத்த வாய்போல் மூடிக்கொள்ளும் செடியைத்தான் முதலில் கேட்டார்.

"அது குளிர் தேசத்துதுண்ணே. குளிர்ல கொஞ்ச மாசம் தூங்கணும். இங்க வச்சா வதங்கிடும்" என்றார் கடைக்கார அம்மா.

"ஃபிரிஜ்ல தூங்க வச்சா?"

"அதுவரைக்கும் கொசுவ யார் பாத்துக்குவா?" என்றேன் விளையாட்டாக. அவர் முகம் செத்துவிட்டது. ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது எனக்கு.

கடைசியில், இலையெல்லாம் பசைத்துளி நிற்கிற சின்னச் செடிகளை எடுத்தார். வெப்பநாட்டுச் செடி, வெயில் தாங்கும். "அடித்தட்டுல எப்பவும் தண்ணி நிக்கணும்ணே. குழாத்தண்ணி வேணாம், உப்பு."

கூலிங்குக்குத் தண்ணீரா பஞ்சம்? போகிற வீடுகளில் ஏசி சொட்டுகிற தண்ணீரைக் கேனில் பிடித்துவந்து, மனைவியின் தலைமாட்டு ஜன்னலில் வரிசையாக இருந்த தட்டுகளை நிரப்பினார். வாளியில் ஒரு கை தண்ணீர் நின்றாலும் கவிழ்க்கிறவராயிற்றே, இது மட்டும் எப்படி என்று கேட்டேன். "சார், இது மெஷின் தண்ணி. கண்ணாடி மாதிரி சுத்தம். கொசு சாக்கடையிலதானே வரும்?" அவர் சொன்ன உறுதியில் நானும் நம்பிவிட்டேன்.

"பொண்டாட்டியவிடச் செடியத்தான் நல்லா கவனிக்கறார்" என்று அவர் மனைவி சிரிப்பார்.

நேற்றுக் காலை என்னைக் கையோடு இழுத்துப் போனார். இலையில் ஒரு கொசு ஒட்டிக்கொண்டு காலை உதைத்துக்கொண்டிருந்தது. "பாத்தீங்களா சார்!" அவருக்கு வாயெல்லாம் பல். நன்றாகப் பார்க்கலாமே என்று தொட்டியைத் தூக்கினேன். தட்டுத் தண்ணீரில் மயிரிழை போன்ற கொசுப்புழுக்கள் நெளிந்து நெளிந்து மேலே வந்தன. அடுத்த தட்டிலும் அப்படியே. எல்லாத் தட்டிலும்.

கூலிங் தட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுபோய்ச் சுடுவெயிலில் கொட்டினார். அவசரத்தில் பாதி அவர் மேலேயே சிந்தியது.

திரும்பி வந்தவர் நேரே சமையலறைக்குப் போய், அடுப்படியில் நின்ற மனைவியின் நெற்றியில் புறங்கையை வைத்தார்.

"என்னங்க இது, கையெல்லாம் ஈரம்!" என்று அவர் சிலிர்த்து விலகினார்.

கையைச் சட்டையில் அழுந்தத் துடைத்துவிட்டு, மறுபடியும் வைத்தார்.