அறுத்துப் பிரித்த காசுமாலை

பெரியபாப்பா, சின்னப்பாப்பா, உங்கள் இருவருக்கும்தான் இதை எழுதுகிறேன். உறவினர்களும் படிக்கட்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான்; பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

உங்கள் அம்மா குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு மானாவாரிக் காட்டில் பிறந்தவர். மழை பார்த்துச் சோறு தின்ற குடும்பம். இங்கே மருமகளாக வந்ததும் என் தாயார் தம் கழுத்துக் காசுமாலையைக் கழற்றி அவருக்குப் போட்டார்கள். மூத்த மருமகளுக்குப் போவது எங்கள் வீட்டு வழக்கம். கிணறு வற்றிய வருஷங்களில் அதை விற்றுவிடலாம் என்று நான் இருமுறை சொன்னேன். உங்கள் அம்மா சம்மதிக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்குக் களையெடுக்கப் போனார்.

எங்களுக்கு ஆண்பிள்ளை இல்லை. அதனால் மாலை என் தம்பி மகனுக்கு வரப்போகும் மனைவிக்குத்தான் சேரவேண்டும் என்றார் உங்கள் அத்தை. பெண்களுக்குக் கொடுத்தால் அடுத்த வீட்டுக்குப் போய்விடுமாம். மாலையை உருக்கி உங்கள் இருவருக்கும் இரண்டு சங்கிலியாக்கலாம் என்று ஆசாரியிடம் கேட்டோம். தங்கக் கட்டுப்பாடு வந்திருந்த நேரம். உருக்கினால் பதினாலு காரட்டில்தான் செய்யலாம், அதற்கு மேல் செய்தால் தம்மைப் பிடித்துப் போவார்கள் என்று கைவிரித்தார்.

பெரியவளின் பரிசத்தன்று எல்லோரும் கூடியிருக்க, தாம்பாளத்தில் கிடந்த பாக்குவெட்டியை எடுத்து, கழுத்திலிருந்தபடியே மாலையின் பட்டுக் கயிற்றை அறுத்தார் உங்கள் அம்மா. காசுகள் மடியில் விழுந்தன.

"புருசன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கையில கழுத்துக் கயித்த அறுக்குறவள இன்னைக்குத்தாண்டி பாக்குறேன்" என்றார் அத்தை.

"தாலி எங்கழுத்துல பத்திரமா கெடக்கு மதினி. இது காசு. உருக்குனாத்தான் மட்டமாகும், பிரிச்சா ஆகாது. ரெண்டும் என் வயித்துல பொறந்ததுக" என்றார் உங்கள் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பி, "எந்திரிச்சு செத்த நேரம் நடந்து காட்டுங்க. உசுரோட இருக்கீகளான்னு மதினிக்குச் சந்தேகம்" என்றார். நான் பந்தலைச் சுற்றி நடந்தேன். சம்பந்தி வீட்டார் சிரித்துவிட்டார்கள். காசுகள் உங்கள் இருவருக்கும் சமமாகப் பிரிந்தன.

சென்ற ஆனியில் காய்ச்சல் உங்கள் அம்மாவைக் கொண்டுபோனது. அன்று கயிற்றை அறுத்த பாவம்தான் என்று இழவு வீட்டிலேயே பேசினார்கள். அந்தக் கணக்குப்படி சாகவேண்டியவன் நான் அல்லவா? இதோ, உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சின்னப்பாப்பா, நீயும் அதை நம்பிவிட்டாய். உன் பங்கைப் பழனி உண்டியலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாய். முருகனுக்கு எதுவும் குறைவில்லை. உனக்கு மகள் இருக்கிறாள். அவளுக்கும் மகள் பிறப்பாள். யார் என்ன பேசினாலும் அது அப்படியே இறங்கிப் போகவேண்டும்.

ஆஸ்பத்திரிக்கு வில்வண்டி பூட்டிய அடுத்த தோட்டத்துக்காரருக்கும், பந்திக்கு இலை அறுத்து வந்த பிள்ளைகளுக்கும் நன்றி. உங்கள் அத்தையும் காரியம் முடியும்வரை அடுப்படியை விட்டு நகரவில்லை. அந்த உழைப்புக்கு நன்றி. அந்தப் பேச்சுக்கு இல்லை.

நீங்கள் எல்லோரும் ஊருக்குப் புறப்பட்டபின் நான் பழனிக்குப் போகவில்லை. சின்னவளின் காசுகளைச் சிவப்புப் பட்டுக் கயிற்றில் கோத்தேன். பாவம் ஒட்டுவதானால் முதலில் என்மேல் ஒட்டட்டும் என்று, சட்டையைக் கழற்றிவிட்டு அதை என் கழுத்தில் போட்டுக்கொண்டு, பொழுது சாயும்வரை வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சினேன்.