டீச்சர் யார் பக்கம்?

றக்வானத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் பத்தாம் வகுப்பு படித்தபோது, யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த தமிழ் டீச்சர் ஒரு சிறுகதையின் முரணையும் கருப்பொருளையும் எழுதி வரச் சொன்னார். கொழும்பு வேலைக்குப் போக விரும்பும் மகளையும், அவளைத் தடுக்கும் தகப்பனையும் பற்றிய கதை அது.

மாலையில் அடுப்படியில் உட்கார்ந்து அதை உரக்க வாசித்தேன்.

"அப்பன் சொல்றதுல என்னா தப்பு?" என்றார் அப்பா.

"அப்ப அவளும் காலம் பூரா கொழுந்து பறிக்கணுமா?" என்று அம்மா திருப்பிக் கேட்டார்.

சாப்பிட்டு முடியும்வரை இருவரும் விடவில்லை. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. முரண் என்ற தலைப்பின் கீழ் அவர்கள் பேசியதையே எழுதினேன். கருப்பொருள்தான் பிடிபடவில்லை.

மறுநாள் டீச்சர் அதைப் படித்துச் சிரித்தார். "முரண் சரி. ஆனா தகப்பனுக்கு மகளில கோபமில்லை. அவள் போனால் வீடு வெறிச்சுப் போகுமெண்ட பயம். பாசம்தான் கருப்பொருள்."

வேலை முடிந்து வந்ததும் அப்பா கேட்டார்: "டீச்சர் யாரு பக்கம்?"

சொன்னேன். கேட்டுத் தலையாட்டினார்.

"அந்தம்மாவுக்கு வெளங்குது. சரி, அந்தப் புள்ள போயிட்டு வரட்டும்."

தானே அனுமதி கொடுப்பவர்போல அவர் சொன்னதும் அம்மா சிரித்துவிட்டார். அப்பாவும் சிரித்தபடி, அடுத்த கதையை வாசிக்கச் சொன்னார்.