கேஸை மூடினாரா, இல்லையா?

போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு, மகள் நித்யா என்னை ஒரு படத்துக்குக் கூட்டிப் போனாள். அப்பாவும் மகளும் லீவுக்கு டூர் போகிற காமெடிப் படம்.

அந்த அப்பாவுக்கு எதைப் பார்த்தாலும் பயம். பஸ் டிரைவர் தூங்கிவிடக் கூடாதென்று அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கிறார். லாட்ஜ் ரூம் கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுக்கிறார். தியேட்டரே குலுங்கியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. களைப்பாக இருந்தது.

நாங்கள் குடியிருக்கும் ஹெப்பகோடியிலிருந்து தர்மஸ்தலா கோயிலுக்குப் போனபோது இந்த இரண்டையும் நான் செய்திருக்கிறேன். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

நித்யா காரணத்தோடுதான் டிக்கெட் போட்டிருந்தாள். அவளுக்குப் புனேயில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் கிளம்புகிறாள். அதற்கு முன்னால் நானும் அவளுமாகக் கோகர்ணா போய், கடல் பார்த்துவிட்டு வர வேண்டுமாம். “எனக்கு லீவு கிடையாது. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. நானும் ஒரு மூணு நாள் நிம்மதியா இருப்பேன்” என்று மனைவி முன்பே சொல்லிவிட்டாள்.

நான்தான் ‘பாக்கலாம்’ என்றே ஓட்டிக்கொண்டிருந்தேன். மலைப்பாதை, ராத்திரி பஸ், பழக்கமில்லாத அலை... முடியாது என்று சொல்ல மனசில்லை. சரி என்று சொல்லத் தெம்பில்லை.

படத்துக்குப் போகும் முன்பே விமர்சனங்களைப் பார்த்து வைத்திருந்தேன். தெரியாத படத்துக்குப் போவது எனக்குத் தெரியாத ஊருக்குப் போவது மாதிரி. ‘அப்பா பாத்திரம் ரொம்ப ஓவர், இப்படி ஒரு மனிதர் எங்கேயும் கிடையாது’ என்று ஒருவர். ‘நம்பகத்தன்மை இல்லை’ என்று இரண்டு ஸ்டாரோடு முடித்துவிட்டார் இன்னொருவர். நான் எட்டாவதோடு நின்றவன். படித்தவர்கள் சொன்னால் ஒத்துக்கொள்கிற பழக்கம் உண்டு. ஆனால் இதை எப்படி ஒத்துக்கொள்வது? அப்படி ஒரு ஆளே கிடையாதென்றால், அந்த சீட்டில் உட்கார்ந்து பாப்கார்னில் கல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது யார்?

கடைசிக் காட்சியில் அந்த அப்பா அரை டிராயரோடு கடற்கரையில் ஆடுகிறார். பயமெல்லாம் போய்விட்டது! விசில் பறந்தது.

வெளியே வந்தால் மைக்கை நீட்டிக்கொண்டு ஒரு பெண். யூடியூப் சேனலாம். “அங்கிள், மூவி ஹேகிதெ?”

“ஐயோ” என்றேன். உடனே கன்னடத்தை விட்டுத் தமிழுக்கு மாறிவிட்டாள். “சொல்லுங்க அங்கிள், படம் எப்படி?”

“கேஸை மூடினாரா, இல்லையா?”

“என்ன அங்கிள்?”

“மொத சீன்ல அந்தாளு டீ போடறார் இல்லம்மா? குடிச்சிட்டு, வீட்டைப் பூட்டிட்டு டூர் கிளம்பிட்டார். சிலிண்டரை மூடின மாதிரி காட்டவே இல்ல. இவ்ளோ பயப்படற ஆளு அதை எப்படிம்மா விடுவார்? எனக்கு அதுக்கப்புறம் படமே ஏறல.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர் கைதட்டினார். நான் ஜோக் எதுவும் சொல்லவில்லை.

மைக் மகளிடம் போனது. “மேடம், நீங்க?”

“எல்லாம் ஓகே. கடைசில அப்பா மாறிடறார் பாருங்க, அதைத்தான் நம்ப முடியல. அதெல்லாம் நடக்காது.”

சுருக்கென்றது. ஆட்டோவில் வீடு வரும்வரை டிரைவரைக்கூட மெதுவாகப் போகச் சொல்லவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் அந்த வீடியோ வந்துவிட்டது. பூண்டு உரித்துக்கொண்டே கமென்ட்டுகளைச் சத்தமாகப் படித்தாள் மனைவி. ‘படத்தைவிட அங்கிள் சூப்பர்.’ ‘எங்கப்பா ஏர்போர்ட்டிலிருந்து திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தார்.’ ‘எங்க வீட்டில் அம்மா.’ படிக்கப் படிக்க வந்துகொண்டே இருந்தது. இப்படி ஒரு மனிதர் எங்கேயும் கிடையாதாம்... ஊருக்கு ஓவராகத் தெரிகிற அப்பா, அவரவர் வீட்டில் தினசரி அப்பாதான் போலிருக்கிறது.

“ஏங்க, நீங்க ஃபேமஸ் ஆயிட்டீங்க” என்றாள். எனக்கு அதுவும் ஒரு கவலையாகச் சேர்ந்தது.

சாயங்காலம் நித்யாவிடம் கேட்டேவிட்டேன். “நான் மாற மாட்டேன்னு உனக்கே தெரியுதில்ல? அப்புறம் எதுக்கும்மா என்னைக் கூப்பிடறே? பிரெண்ட்ஸோட போனா ஜாலியா இருக்குமே?”

போனிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள். “மாறுன்னு யாருப்பா சொன்னது? வான்னுதானே சொன்னேன்.”

நான் எழுந்து போய் வாசல் தாழ்ப்பாளை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தேன்.

“பஸ்ல சீட் காலியாயிட்டே இருக்கு. போடட்டா, வேணாமா?”

“...பின்னாடி வேணாம். தூக்கித் தூக்கிப் போடும். நடுவுல பாத்துப் போடு.”

அப்போதுதான் தலையைத் தூக்கினாள். சிரித்தாள்.

இதைக் கோகர்ணாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். வழியெல்லாம் டிரைவர் தூங்கவில்லை. நானும்தான். உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. கவலைப்படுவதும் ஒரு வேலைதான். என்ன, இதற்கு வார லீவு கிடையாது.

ரூமுக்குள் வந்ததும் நித்யா ஒரு காரியம் செய்தாள். பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. மூலையில் கிடந்த நாற்காலியை இழுத்துக்கொண்டு போய்க் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். ஒரு தடவை ஆட்டியும் பார்த்தாள்.

“ஓகேவாப்பா? இப்பக் கடலுக்குப் போலாமா?”

போக வேண்டுமானால் அதை மறுபடி எடுக்க வேண்டுமே என்று நான் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

அவள் முகம் கழுவப் போன நேரத்தில் வீட்டுக்கு போன் போட்டேன். “கேஸை மூடிட்டியா?”

“சமைச்சிட்டிருக்கேங்க!” என்றாள் மனைவி.

முடித்ததும் மூடச் சொல்லியிருக்கிறேன்.