கோட்டான் செய்யாத குற்றம்

என் கையெழுத்து கோழி கிண்டியதுபோல் இருக்கும். ஒற்று எங்கே வரும் என்பதும் சரியாகத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நேற்று ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது, பக்கத்தில் ஒருவர் தன் வீட்டுக்குப் பின்னால் கத்திய ஆந்தையை அடித்துக் கொன்ற பிறகுதான் நிம்மதி என்று சொல்லிச் சிரித்தார். பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தேன். எனக்கு எப்போதும் வீட்டுக்கு வந்த பிறகுதான் பேச்சு வரும்.

அங்கே நின்ற பஸ்ஸின் டீசல் புகை மூக்கில் ஏறியதும் பழைய கல்குவாரி ஞாபகம் வந்தது. ராஜபாளையத்துக்குக் கிழக்கே கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்தது, பெயர் வேண்டாம். இருபது வயதில் எனக்கு அங்கே விசில் ஊதுகிற வேலை. ஒவ்வொரு வெடிக்கு முன்னாலும் ஆட்கள் ஒதுங்குவதற்காக மூன்று தடவை ஊத வேண்டும். வாய் திறந்து பேசாதவனுக்கு ஏற்ற வேலை என்று கேலி செய்வார்கள்.

குவாரியின் மேல் விளிம்பில் கோட்டான் என்கிற பெரிய ஆந்தை ஜோடி ஒன்று இருந்தது. தலையில் கொம்புபோல் இறகு, ஆரஞ்சு நிறக் கண். கூடெல்லாம் கட்டாது, வெறும் பாறைத் திட்டில் மூன்று முட்டை. சுற்றுக் காட்டுச் சோளத்தைத் தின்கிற எலிகள்தான் அதற்குச் சாப்பாடு. பாறையில் குழி போடும் மெஷின்காரர் தொம்மை அண்ணன் அந்தத் திட்டை நெருங்கவே மாட்டார். "பிள்ளக்காரி உக்காந்திருக்கா, செத்த தள்ளிப் போட்டுக்கிடுவோம்" என்பார்.

ஒருநாள் மத்தியானம் லாரிகள் வரிசையாக நின்றன. நான் ஒரு தடவைதான் ஊதியிருந்தேன். மேனேஜர் வந்து, "ஊதிக்கிட்டே நிக்காதலே, வெடியப் போடச் சொல்லு" என்றார். வெடி வைப்பவரிடம் சொன்னேன். தொம்மை அண்ணன் அப்போதும் மெஷினை இழுத்துக்கொண்டிருந்தார். பறந்து வந்த கல் அவருடைய இடது காலை நொறுக்கிவிட்டது.

அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டுத் திரும்பினால், கோட்டான் உட்கார்ந்த இடம் விளங்காது என்று மேனேஜர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அரை மணி நேரத்தில் முட்டைகளை மிதித்து, விட்டுப் போகாமல் சுற்றிய தாயைக் கல்லெறிந்து கொன்றார்கள். நான் விசிலைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் கட்டிலில் கிடந்தபடி அண்ணன் கேட்டார். "எத்தன விசிலுலே ஊதுன?"

"ஒண்ணுண்ணே."

"மிச்சம் ரெண்டையும் கோட்டானா ஊதணும்? வெளியில சொல்லுலே."

சொல்லவில்லை. சாகும்வரை கம்பு ஊன்றி நடந்த அந்த மனிதருக்கு ஊர் வைத்த பெயர், கோட்டான் அடிச்ச தொம்மை.

இப்போது அந்தக் குவாரி தண்ணீர் நிற்கிற பள்ளம். காட்டில் எலிக்கு விஷம் வைக்கிறார்கள். அந்தியில் கோட்டான் குரல் கேட்டுப் பல வருஷமாகிறது. அதன் மேல் போட்ட பழி மட்டும் டீக்கடைவரை வந்து சிரிக்கிறது.

ஊதாதே என்று சொன்னவர் மேனேஜர். ஊதாமல் நின்றவன் நான்.

இதை எழுதிய நாள்: தை 18, ஞாயிற்றுக்கிழமை.