சித்தி வெட்டிய லட்சுமிகள்

சித்தி பால்கோவா கொடுத்தபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. கேட்டாலே கொடுக்காதவள், கேட்காமல் ஒரு கிண்ணம் நிறையக் கொடுத்துவிட்டு, "சித்தப்பாட்ட சொல்லிராத புள்ள" என்றாள். எனக்கு அப்போது பத்து வயது. முழுப் பரீட்சை லீவுக்குத் திருத்தங்கலில் அம்மாவின் தங்கை வீட்டுக்கு வந்திருந்தேன்.

சொல்லக்கூடாத காரியம் பின்பக்கத்து அறையில் நடந்தது. சித்தப்பா காலண்டர் கம்பெனிகளுக்குச் சாமிப் படம் வரைபவர். கம்பெனிக்காரர்கள் கம்ப்யூட்டர் டிசைனுக்கு மாறியதும், அவர் கையால் வரைந்த ஒரிஜினல் படங்களைக் கட்டுக்கட்டாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவர் வெளியே கிளம்பியதும் சித்தி அந்தக் கட்டைப் பிரித்து, லட்சுமியின் சேலையை வெட்டினாள். தாமரையை வெட்டினாள். வெட்டியதை ஒரு பெரிய அட்டையில் பசை தடவி ஒட்ட ஒட்ட, அது மயிலாகிக்கொண்டு வந்தது. தோகைக்கு மட்டும் ஆறு லட்சுமிகளின் சேலை செலவானது. அழகாகத்தான் இருந்தது, அதை மறுக்க முடியாது.

ஆனால் எங்கள் பக்கத்தில் சாமி அச்சான கழிவுத்தாளைக்கூட மிதிக்க மாட்டோம். இவளோ கத்தரிக்கோல் வைக்கிறாள். அதுவும் சித்தப்பா கண்ணைக் கெடுத்துக்கொண்டு வரைந்த படங்களில். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். எப்படியாவது மிச்சப் படங்களைக் காப்பாற்றிவிட வேண்டுமென்று மூன்று நாள் கதவிடுக்கில் கண்ணை வைத்து உளவு பார்த்தேன். மயிலில் சேலை இருந்தது, நகை இருந்தது, விரல்கள்கூட இருந்தன. ஒரு முகம்கூட இல்லை. முகங்களை மட்டும் தனியாக வெட்டி, பிஸ்கட் டப்பாவில் போட்டு, அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். யாருக்கோ விற்கப்போகிறாள் என்று முடிவு கட்டினேன்.

நான்காம் நாள் மதியம் சித்தப்பா சாப்பிட வந்தார். தின்ற பால்கோவாவை மறந்து எல்லாவற்றையும் போட்டுக்கொடுத்தேன். அவர் அறைக்குள் போனார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. மயிலை வெகுநேரம் பார்த்துவிட்டு, "மொகமெல்லாம் எங்க?" என்றார்.

உள்ளே உட்கார்ந்திருந்த சித்தி வெட்டிக்கொண்டே கேட்டாள். "யாரு மொகம்?"

சித்தப்பா விழித்தார். எனக்கு அவர்மேல் இரக்கமாகிவிட்டது. ஓடிப்போய் டப்பாவை எடுத்துவந்து தரையில் கவிழ்த்தேன். பன்னிரண்டு முகங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே நெற்றி, ஒரே சிரிப்பு, இடது கன்னத்தில் ஒரே குழி. கிரீடமும் தாமரையும் இருந்தவரை கும்பிடத்தான் தோன்றியது. முகம் தனியே கிடந்தபோதுதான் சாடை தெரிந்தது.

"ஒன்னயப் பாத்துத்தான் வரைஞ்சேன்" என்றார் சித்தப்பா.

"எனக்குக் கன்னத்துல குழி விழுதா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

தெரிந்த பதிலைச் சொல்லாமல் இருக்க எனக்கு என்றைக்கும் வராது.

"எங்கம்மாவுக்கு விழும் சித்தப்பா" என்றேன். எனக்கு ஒரே பெருமை.

சித்தி அப்போதுதான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். அன்று சாயங்காலமே என்னை விருதுநகர் பஸ்ஸில் ஏற்றி, கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினாள். வீட்டுக்கு வந்து நடந்ததை ஒன்றுவிடாமல் அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. அதன்பிறகு சித்தி எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவேயில்லை. படம் வெட்டியதைக் காட்டிக்கொடுத்த கோபம்தான் என்று வெகுகாலம் நம்பி, அதற்காக அவளுக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம்கூட எழுதினேன்.